வாயில்லா நண்பனின் பிரிவு

அன்பு வைத்தவர் எவரும் ஒருநாள் பிரிவைக் கண்டே தீர வேண்டும். இஃது உலகத்து இயற்கை. தாய் தந்தையர், உடன்பிறந்தார், உற்ற நண்பர் ஆகியோரை இழந்து வருந்துவோரைக் கண்டால் ஊரார் ஓடிவந்து ஆறுதல் கூறுவர். ஆனால் வீட்டில் வளர்த்த நாயோ, பூனையோ, பசுவோ, கிளியோ இறந்துபட, அதற்காக ஒருவர் கண்ணீர் வடித்தால் உலகம் அவரை நோக்கி நகைக்கின்றது. அந்நகைப்பு எத்துணைக் கொடியது என்பதை யான் நெடுநாள் உணர்ந்திலேன். உணர்ந்த வரலாற்றையே இப்பாடத்தில் கூறப் புகுகின்றேன்.

புதுச்சேரிக்குத் தெற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில், காவிரியின் கிளையாகிய அரசலாறு கடலொடு கலக்குமிடத்தில் அமைந்தது காரைக்கால். 1954ஆம் ஆண்டு வரையில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த இவ்வூர், இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. காரைக்காலம்மையார் பிறந்த ஊர் என்பதும், ஆண்டுதோறும் ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழா இங்கு நடைபெறுவதும் நீங்கள் அறிந்தனவே. மேற்கே நெல்வயலும், கிழக்கே மீனவர் குப்பங்களும் சூழ்ந்த இப்பகுதியில் ஆடு மாடு இல்லாத தெருவும், நாய் காவாத வாயிலும் அரிதாகவே காணப்படும். இங்குள்ள பள்ளியொன்றில் யான் பல்லாண்டு தமிழாசிரியனாகப் பணியாற்றினேன்.

அக்காலத்தில் எட்டாம் வகுப்பில் மீனவர் குப்பத்துச் சிறுவன் ஒருவன் பயின்றான். அவனுக்கு மணி என்னும் பெயருடைய நாய் ஒன்று இருந்தது. செம்மண் நிறமும் ஒருபுறம் மடிந்த காதும் உடைய நாட்டு நாய் அது. காலையில் அவனுடன் பள்ளி வாயில் வரை வரும். அவன் உள்ளே புகுந்ததும் வாயிலருகே இருந்த புங்க மரத்தின் நிழலில் சற்றுநேரம் படுத்திருந்து, பின்னர்த் தானே வீடு திரும்பும். மாலை மணி அடிக்கும் வேளையில் மீண்டும் அம்மரத்தடியில் காத்திருக்கும். அதற்கு நேரம் கூறுவார் எவருமிலர்.

ஒருநாள் காலை அச்சிறுவன் தனியே வந்தான். வகுப்பில் யான் பாடம் நடத்திக்கொண்டிருக்கையில் அவன் புத்தகத்தைத் திறவாமல் தலை குனிந்திருந்தான். எழுந்து நிற்கச் சொன்னேன், நின்றான். காரணம் கேட்டேன், வாய் திறந்திலன். அருகிலிருந்த மாணவன், "ஐயா, இவனுடைய நாய் லாரியில் அடிபட்டுச் செத்துவிட்டது" என்றான். அவன் கண்களிலிருந்து நீர் பொலபொலவென உதிர்ந்தது. அப்பொழுது யான் செய்தது யாது தெரியுமா? "ஒரு நாய் செத்ததற்கா இத்தனை அழுகை? கண்ணைத் துடைத்துக்கொண்டு பாடத்தைக் கவனி" என்று கடிந்துரைத்தேன். வகுப்பு முழுவதும் நகைத்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதன் பின்னர் அவ்வாண்டு முழுவதும் யான் கேட்ட கேள்விகளுக்கு விடையிறுப்பதன்றி, தானாக ஒரு சொல்லும் என்னிடம் பேசிற்றிலன். யான் அதனை அடக்கம் என்று எண்ணி மகிழ்ந்தேன்!

அன்று யான் நடத்திய பாடம் யாது என்பதையும் கூறிவிடுகின்றேன். அது சங்க காலத்து நடுகல் வழிபாட்டைப் பற்றியது. போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அவன் பெயரும் பீடும் எழுதி, மயிற்பீலி சூட்டி வழிபட்டனர் முன்னோர் என்று விரித்துரைத்து, 'நடுகல்' என்னும் சொல்லுக்குப் பொருளும் கரும்பலகையில் எழுதினேன். இழந்த உயிரை மறவாமைக்கென நம் முன்னோர் கண்ட நெறியை வாயாற் கூறிக்கொண்டே, கண்ணெதிரே நின்ற துயரைக் காணாதொழிந்தேன்.

ஆண்டுகள் பல உருண்டன. யானும் பணியினின்று ஓய்வு பெற்றேன். எங்கள் வீட்டில் வெள்ளச்சி என்னும் பசு ஒன்று இருந்தது. கன்றாக வந்து 16 ஆண்டுகள் எங்களுடன் வாழ்ந்தது. கறவை நின்ற பின்னரும் அதனை விற்க எங்களுக்கு மனம் வரவில்லை. விடியலில் கழுநீர்த் தொட்டியருகே என் காலடி ஓசை கேட்டதும் தலையை உயர்த்தி ஒருமுறை கத்தும். ஐப்பசி அடைமழையில் நோயுற்று, கால்நடை மருத்துவர் இருமுறை வந்து ஊசியிட்டும் பயனின்றி, மூன்றாம் நாள் இரவு அது உயிர் நீத்தது. மறுநாள் விடியலில் வழக்கம்போல் எழுந்து, கழுநீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு தொழுவத்தின் வாயில் வரை சென்றுவிட்டேன். அங்கே வெறுங் கயிறு மட்டும் கட்டுத்தறியில் தொங்கிக்கொண்டிருந்தது. முதிர்ந்த வயதினனாகிய யான் பானையைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தைபோல் அழுதேன்.

துக்கம் கேட்க வந்த நண்பர் ஒருவர், "ஒரு மாடுதானே, ஐயா! வயதும் ஆகிவிட்டது. இதற்கா இத்தனை வருத்தம்? வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்" என்றார். அவர் நல்லவர், என்மீது பரிவு கொண்டே அங்ஙனம் கூறினார். ஆயினும் அச்சொல் என் செவியில் பட்டபொழுது, அது வேறொரு குரலாகக் கேட்டது. ஆம், அஃது என் குரலேதான். எட்டாம் வகுப்பு அறையில் ஒலித்த அதே குரல்.

சில நாட்கள் கழிந்தபின் அம்மாணவனைத் தேடிச் சென்றேன். அவன் இப்பொழுது மனைவி மக்களுடன் வாழ்பவன். சொந்தப் படகு வைத்துக் கடல் தொழில் செய்பவன். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவன் என்னைக் கண்டதும் எழுந்து, மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டு, "வாங்க, ஐயா" என்றான். யான் வந்த காரணத்தைச் சொன்னேன். "தம்பி, அன்று உன்னைக் கடிந்துகொண்டது தவறு" என்றேன். அவன் நெடுநேரம் கடலையே நோக்கியிருந்தான். பின்னர், "ஐயா, மணி செத்ததுகூட அப்புறம் ஆறிப்போச்சு. அன்றைக்கு அதைப் புதைக்காமல் வந்துவிட்டேனே, அதுதான் ஆறவில்லை. பள்ளிக்கு நேரமாகிவிட்டால் வெளியே நிறுத்துவீர்கள் என்று பயந்து, சாலையோரம் இழுத்துப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது அங்கே இல்லை. யாரோ எடுத்துப் போட்டுவிட்டார்கள்" என்றான்.

யான் விடையின்றி நின்றேன். அவனே மீண்டும் பேசினான்: "நீங்கள் நடத்திய பாடம் மட்டும் மறக்கவில்லை, ஐயா. அன்று சாயங்காலம் ஒரு கல்லைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுக்குப் பின்னால் நட்டேன். 2004 சுனாமியில் வீடும் போயிற்று, கல்லும் போயிற்று. புது வீடு கட்டினபோது மறுபடியும் ஒன்று நட்டேன்." அவன் அழைத்துச் சென்று காட்டினான். தென்னை மரத்தடியில் முழங்கை உயரமுள்ள கருங்கல் ஒன்று நின்றது. அதில் எழுத்தொன்றும் இல்லை. 'நடுகல்' என்னும் சொல்லுக்கு முப்பதாண்டுகள் பொருளுரைத்த யான், அதன் உண்மைப் பொருளை அன்றுதான் ஒரு மாணவனிடம் கற்றேன்.

மாணவர்களே! நாய்க்குக் கல் நடுவதா என்று உங்களுள் சிலர் வியக்கலாம். வியப்பதற்கு ஒன்றுமில்லை. திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள எடுத்தனூர் என்னும் ஊரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அக்கல்லில், கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர். அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியை வட்டெழுத்துக் கல்வெட்டுத் தெரிவிக்கின்றது. எத்தனையோ செல்வர் பெயர்கள் மண்ணொடு மண்ணாயின. ஆனால் ஒரு சிற்றூர் நாயின் பெயரோ ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகக் கல்லில் நிற்கின்றது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சேவலுக்கென எடுத்த நடுகல் ஒன்றும் கண்டறியப்பட்டுள்ளது. அது சேவற்போரிற் பொருத சேவலின் நினைவாக எடுக்கப்பட்டது என்பர் கல்வெட்டறிஞர். இந்தளூரிலும் இத்தகைய கோழிக்கல் உண்டு.

இவ்வுணர்ச்சி தமிழர்க்கு மட்டும் உரியதன்று. காசுமீரத்தில் பூர்சகோம் என்னுமிடத்தே புதிய கற்கால மக்கள் வாழ்ந்த குடியிருப்பை அகழ்ந்தபொழுது, மனிதருடன் நாய்களும் சேர்த்துப் புதைக்கப்பட்டிருந்தமை தெரிய வந்தது. செருமனி நாட்டில் பான் நகரை அடுத்த ஓபர்காசல் என்னுமிடத்தில், ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஆடவன், ஒரு பெண் ஆகியோருடன் நாயொன்றும் புதைக்கப்பட்டிருந்தது. பண்டை எகிப்தியர் வீட்டுப் பூனை இறந்தால் துயரின் அடையாளமாகத் தம் புருவத்தை மழித்துக்கொள்வர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு எழுதியுள்ளார். ஆகவே, வளர்த்த உயிருக்காக வருந்துவது மனத்தளர்ச்சியின் குறியன்று. மாந்த இனத்தின் பழம்பண்புகளுள் ஒன்றே என்று அறிக.

இனி, இத்துயர் ஏன் இத்துணை ஆழமாகின்றது என்று ஆராய்வோம். முதலாவது காரணம் அன்பு. 2015ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு அறிஞர்கள் ஓர் ஆய்வு நிகழ்த்தினர். நாயும் அதனை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் நோக்கும்பொழுது, இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்னும் இயக்குநீர் மிகுவதை அவர்கள் கண்டனர். தாய்க்கும் குழவிக்கும் இடையே பிணைப்பை வளர்ப்பதும் அவ்வியக்குநீரே. இரண்டாவது காரணம் பழக்கம். வளர்ப்புயிர் நம் நாளின் ஒவ்வொரு வேளையிலும் பங்கு கொண்டது. அது மறைந்தபின் ஒவ்வொரு வேளையும் அதன் இன்மையை நமக்கு நினைவூட்டுகின்றது. கழுநீர்ப் பானையைத் தூக்கிச் சென்ற என் கைகள், மனம் அறிந்த செய்தியை இன்னும் அறியாதிருந்தன அல்லவா?

மூன்றாவது காரணம் ஊராரின் புறக்கணிப்பு. உறவினர் இறந்தால் துக்கம் கேட்பதும், நாள் குறித்துச் சடங்கு செய்வதும், பணிக்கு விடுப்பளிப்பதும் வழக்கில் உள்ளன. வளர்ப்புயிருக்கோ இவற்றுள் ஒன்றுமில்லை. இங்ஙனம் உலகம் ஒப்புக்கொள்ளாத துயர் உள்ளேயே தங்கிப் புண்ணாகும் என்பதை, அமெரிக்க நாட்டு அறிஞர் கென்னத் டோக்கா என்பார் 1989ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். வகுப்பின் நகைப்புக்கு அஞ்சி ஒரு சிறுவன் விழுங்கிய கண்ணீர், இருபத்தைந்து ஆண்டுகளாகியும் வற்றாதிருந்தமைக்குக் காரணம் இதுவே.

ஊர் ஒன்றுகூடித் துயரைப் பகிர்ந்துகொள்ளுமானால் அஃது எளிதில் ஆறும் என்பதற்கும் நம் பகுதியிலேயே சான்று உண்டு. புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயிலில் இலட்சுமி என்னும் யானை பல்லாண்டு இருந்தது. அதன் துதிக்கையால் வாழ்த்துப் பெறாத புதுச்சேரிக் குழந்தைகள் சிலரே. 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் காலையில் நடைப்பயிற்சிக்குச் சென்றபோது அது வழியிலே சாய்ந்து உயிர் நீத்தது. செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கான மக்கள் மலர்களுடன் திரண்டனர். அப்போது துணைநிலை ஆளுநராக இருந்த தமிழிசை சௌந்தரராசன் நேரில் வந்து அஞ்சலி செலுத்தினார். பெரியோரும் சிறுவரும் வாய்விட்டு அழுதனர்; யானையை ஊர்வலமாகக் கொண்டுசென்று நல்லடக்கம் செய்தனர். அன்று அழுதவரை நோக்கி நகைத்தார் ஒருவருமிலர். யானைக்கு அழலாம், நாய்க்கு அழலாகாது என்று எந்நூலில் எழுதியுள்ளது? உருவில் வேறுபாடு உண்டு. உயிரிலும் அன்பிலும் வேறுபாடு ஏது?

அங்ஙனமாயின், இத்துயர் நேர்ந்தால் நாம் செய்யத்தக்கன யாவை? முதற்கண், உண்மையை மறைத்தலாகாது. வீட்டிலுள்ள சிறு குழந்தைகளிடம், "நாய் எங்கோ ஓடிவிட்டது" என்று பொய் கூறுவது பலர் வழக்கம். அதனைக் கேட்ட குழந்தை நாள்தோறும் வாயிலை நோக்கிக் காத்திருக்கும். தன்னை விட்டு அது ஓடியதற்குத் தானே காரணமோ என்றும் வருந்தும். "அது இறந்துவிட்டது, இனி வாராது, அதற்கு இனி நோவு இல்லை" என்று எளிய சொற்களில் கூறுவதே நன்று. அழ விரும்புவோரை அழவிடுக. அழாதிருப்போரை, அன்பில்லாதவர் என்று பழித்தலும் வேண்டா. துயர் ஒவ்வொருவரிடத்தும் ஒவ்வொரு வகையாக வெளிப்படும்.

இரண்டாவதாக, இறந்த உடலை முறைப்படி அடக்கம் செய்க. காரைக்கால் போன்ற கடற்கரைப் பகுதியில் சிறிது தோண்டினாலே நீர் ஊறும். ஆதலின், கிணற்றுக்கும் குளத்துக்கும் தொலைவான மேட்டு நிலத்தைத் தேர்ந்து, பிற விலங்குகள் கிளறாதவாறு ஆழமாகத் தோண்டிப் புதைத்தல் வேண்டும். அதற்கு இடமில்லாதோர் நகராட்சியின் உதவியை நாடலாம். இறந்த உடலை வெறுங்கையால் தொடுதலாகாது. அது வெறிநோய் கண்டு இறந்ததோ என்னும் ஐயம் இருப்பின், பெரியோர்க்கும் கால்நடை மருத்துவர்க்கும் உடனே அறிவித்தல் வேண்டும். அதன் கடியோ கீறலோ பட்டிருந்தால், அவ்விடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனை சென்று தடுப்பூசி போட்டுக்கொள்க. அந்நோய் முற்றிய பின்னர்ப் பிழைத்தல் மிக அரிது. அன்பின் மிகுதியால் இதனை மறைத்தல் ஒருபோதும் கூடாது.

மூன்றாவதாக, தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ளும் எண்ணத்தை ஆராய்ந்து நோக்குக. "கதவைச் சாத்தியிருந்தால் ஓடியிராதே, ஒருநாள் முன்னதாக மருத்துவரை அழைத்திருந்தால் பிழைத்திருக்குமே" என்று மனம் வழக்காடும். அவற்றுள் உண்மையான பிழை ஏதேனும் இருப்பின், அதனை அடுத்த உயிரிடத்துத் திருத்திக்கொள்ளலாம். பிழை இல்லையெனின், அவ்வழக்கைத் தள்ளிவிடுக. நாய் பெரும்பாலும் பத்துப் பதின்மூன்று ஆண்டுகளே வாழும். பசு இருபது ஆண்டு வாழ்வதே பெரிது. நம் வாழ்நாளோ அதனினும் நெடிது. ஆகவே ஒரு குட்டியைக் கையில் ஏந்தும் அன்றே, அதன் பிரிவையும் நாம் ஏற்றுக்கொண்டவராவோம்.

நான்காவதாக, "வேறொன்று வாங்கிக்கொள்" என்று விரைவுபடுத்தாதீர்கள். உடைந்த பானைக்கு வேறு பானை ஈடாகலாம். ஓருயிர்க்கு மற்றோருயிர் ஈடாகாது. துயர் தணிந்து, மனம் தானே விரும்பும் காலத்து மற்றோர் உயிரை வளர்க்கலாம். அதுவரை, நினைவு கூர்தற்கு ஒரு மரக்கன்று நடலாம். ஒரு படத்தை வைத்துக்கொள்ளலாம். அதனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதலாம். தெருவில் தாகத்தால் வாடும் உயிர்களுக்கு வாயிலில் ஒரு தொட்டி நீர் வைக்கலாம். நாட்கள் பல சென்றும் உணவும் உறக்கமும் கொள்ள இயலாதிருப்பின், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ மனம் திறந்து கூறுக. அது நாணத்தக்கதன்று.

காரைக்காலுக்கு அண்மையிலுள்ள திருவாரூரின் பழங்கதையை நீங்கள் அறிவீர்கள். தன் கன்று தேர்க்காலிற் பட்டு இறந்ததும், தாய்ப்பசு அரண்மனை வாயிலுக்கு வந்து ஆராய்ச்சி மணியை அசைத்தது என்பர். மனுநீதிச் சோழன் வழங்கிய தண்டனையையே நாம் வியந்து பேசுகின்றோம். யான் இப்பொழுது வியப்பது பிறிதொன்று. மணியோசை கேட்டு வெளியே வந்த அரசன், "ஒரு கன்று செத்ததற்கா இத்தனை ஆரவாரம்?" என்று கேட்டிலன். அப்பசுவின் துயரைத் துயரென்றே கொண்டான். நீதி பிறந்தது அதற்குப் பின்னரே. முதலிற் பிறந்தது செவிசாய்த்தல்.

மாணவர்களே! உங்கள் வகுப்பில் ஒருநாள் ஒருவன் தலை குனிந்து அமர்ந்திருக்கலாம். அவன் இழந்தது ஒரு பூனையாகவோ, ஒரு புறாவாகவோ இருக்கலாம். அவனருகே சென்று, "அதன் பெயர் என்ன? அஃது எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். வேறொன்றும் கூற வேண்டுவதில்லை. அவன் பேசத் தொடங்குவான். பேசப் பேசத் துயர் குறையும். அன்று எட்டாம் வகுப்பில் யான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுவே. காலம் கடந்து, கடற்கரையில் வலைக்குவியலின் அருகே அமர்ந்து அதனைக் கேட்டேன். ஒருபுறம் மடிந்த காதைப் பற்றியும், புங்க மரத்தடியில் காத்திருந்த மாலைகளைப் பற்றியும் அவன் பொழுது சாயும் வரையில் கூறிக்கொண்டிருந்தான். யான் கேட்டுக்கொண்டிருந்தேன்.